‘ஒத்துழைப்பு’ என்றால் ஒத்துப்போவதா? ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கிறேன்

கணக்கம்மா, யாங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. பாடம் எடுப்பவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து பேச ஒரு படிவம் வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. சேர்ந்து வேலை செய்வதைப் பர்மிய மொழியில் ‘பூபாங் சாங்யுவெட்மு’ என்பார்கள். இங்கே அலுவலகத் தாள்களில் எல்லாம் அந்தச் சொல்தான். அதைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

‘ஒத்துழைப்பு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்குக் கை வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கம்பெனியில் கிடங்குக் கணக்கு பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஆண்டுக்கடைசி இருப்பு எடுத்தபோது, என்னைவிட மூத்த ஊழியர் எழுதிய தாளில் உளுந்து மூட்டை 418 என்று இருந்தது. நான் எண்ணியபோது 411. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. மூட்டை 411தான் என்று பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த வருடம் என் மதிப்பீட்டுத் தாளில் மற்ற கட்டங்கள் எல்லாம் ‘நன்று’, பூபாங் சாங்யுவெட்மு கட்டத்தில் மட்டும் ‘குறைவு’.

அதனால்தான் கேட்கிறேன். ஒத்துழைப்பு என்றால் கூட இருப்பவர் சொல்வதற்கு ஒத்துப்போவதா? அப்படியென்றால் அந்தச் சொல்லை எங்கள் ஆசிரியர்களுக்கு முன்னால் வைக்க எனக்கு மனமில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மோல்மீன்காரர்

அக்கா, சொல்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒத்து + உழைப்பு. உழைப்பு என்ற பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. கட்டத்தில் ‘குறைவு’ போட்டவர் அந்தப் பாதியைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தால் படிவத்தை யாரும் படிக்க மாட்டார்கள். ஒத்துழைப்பு என்றே போடுங்கள்.

இளைய ஆசிரியை

நானும் ஞாயிறு வகுப்பு எடுப்பவள்தான், வேறு கோயிலில். ‘இணக்கம்’ எப்படி இருக்கும்? மென்மையான சொல்.

மோல்மீன்காரர்

இணக்கம் வேண்டாம் அம்மா. வேலையே செய்யாமலும் இணக்கமாக இருக்கலாம்.

வாத்தியார், தட்டோன்

கணக்கம்மாவின் சந்தேகம் நியாயமானது. தமிழில் ‘கூட இருப்பது’ பற்றிய சொற்கள் பல நாளடைவில் கெட்டுப்போயிருக்கின்றன. ‘உடந்தை’யை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியைப் பிரித்தால் சேர்க்கை, உறவு என்று நல்ல பொருளும் இருக்கிறது. இன்றைக்கு ‘அவர் இதற்கு உடந்தை’ என்று சொன்னால் போலீஸ் நினைவுதான் வருகிறது. ‘கூட்டு’ என்றால் கூட்டுக் களவாணி. ‘பங்காளி’ பங்கு வைத்திருப்பவன்தான், ஆனால் பங்காளி என்றவுடன் வரப்புச் சண்டையைத்தான் நினைக்கிறோம். ‘கூட்டுறவு’ மட்டும் தப்பித்தது, அதுவும் ஒரு சங்கத்தோடு ஒட்டிக்கொண்டு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது பர்மாவும் அன்றைய இந்தியாவோடு சேர்ந்திருந்தது, அதனால் அந்தச் சட்டம் இங்கேயும் வந்தது. நம் பெரியவர்கள் அப்போது அதை ஐக்கிய நாணயச் சங்கம் என்றார்கள். இப்போது கூட்டுறவு என்றால் கடனும் ரேஷனும் கண்முன் வருகின்றன, பக்கத்து மேசைக்காரர் வருவதில்லை.

ஒத்துழைப்புக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1920-ல் காந்தியின் இயக்கத்துக்குத் தமிழில் ‘ஒத்துழையாமை’ என்று பெயர் வழங்கியது. அந்தக் காலத்தில் மரியாதைக்குரிய சொல் ஒத்துழையாமைதான். அரசாங்கத்தோடு ஒத்துழைத்தவரை யார் மதித்தார்கள்? ஆகவே யாரோடு, எதற்கு என்று சேர்த்துச் சொல்லாமல் இந்தச் சொல்லுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

நாற்றங்கால்

நான் பெகு பக்கத்து விவசாயி. படிவமெல்லாம் எனக்குத் தெரியாது, நடவு தெரியும். பர்மிய விவசாயிகளிடம் ‘லெட்சா லைக்’ என்று ஒரு வழக்கம். ‘லெட்’ என்றால் கை. இன்று என் வயலில் பத்துப் பேர் நடுவார்கள், நாளை அவர்கள் வயலில் நான் நடுவேன். காசு கைமாறாது. சாப்பாடு மட்டும் வயல்காரர் வீட்டுப் பொறுப்பு. எங்கள் ஊரில் தமிழ் வீடுகளும் பர்மிய வீடுகளும் கலந்துதான் இதைச் செய்கிறோம். நாங்கள் ‘ஆள் மாத்து’ என்போம்.

அங்கே வரிசையில் நின்று பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறோம். பக்கத்து ஆள் நாற்றைத் தள்ளித் தள்ளி வைத்தால், அவர் முன்னால் விழும் இடைவெளி உடனே என் கண்ணில் படும். ‘நெருக்கி வை’ என்று சொல்லிவிடுவேன். அவர் மாமா முறையாக இருந்தாலும் சொல்வேன், ‘மாமா, நெருக்கி வையுங்கள்’ என்று. அவரும் நிமிர மாட்டார். குனிந்தபடியே அடுத்த நாற்றை நெருக்கி வைப்பார். அதற்கு யாரும் கோபித்துக்கொண்டு கரை ஏறியது இல்லை. சொல்லாமல் விட்டால்தான் தப்பு. பத்து நாள் கழித்து வயல்காரர் வந்து பார்க்கும்போது சொட்டை சொட்டையாகத் தெரியும், அப்போது யார் வரிசை என்று கேள்வி வரும்.

கணக்கம்மா செய்ததும் அதேதான் என்று எனக்குப் படுகிறது. 418 இல்லை, 411. ‘நெருக்கி வை’ என்று சொல்லியிருக்கிறார்.

வாத்தியார், தட்டோன்

நாற்றங்கால் தம்பி சொன்ன ‘லெட்சா’வில் ஒரு விசேஷம் உண்டு. ‘லெட்சா செ’ என்றால் பர்மிய மொழியில் பழிவாங்குவது. கைக்குக் கை திருப்பிக் கொடுப்பது என்ற ஒரே சொல் உதவிக்கும் போகிறது, பழிக்கும் போகிறது. நம்முடைய ‘கைம்மாறு’ம் கையில்தான் பிறந்தது. குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதல் குறளே கைம்மாறு வேண்டாத கடப்பாட்டைப் பற்றியது, மழையை உதாரணம் காட்டி. லெட்சா லைக்கில் கைம்மாறு உண்டு. கோயில் வகுப்பு ஆசிரியர்களிடம் அது இல்லை. அதனால் ‘ஆள் மாத்து’ அந்தப் படிவத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வரிசையைப் பற்றி அவர் சொன்னது பொருந்தும்.

சீவாளி

இவ்வளவு பேர் பேசியும் ‘ஒத்து’ என்ற பாதியை யாரும் தொடவில்லையே. நான் நாதஸ்வரக் குடும்பம். என் தாத்தா ஒத்து ஊதியவர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத விடுங்கள்.

ஒத்து என்பது ஒரு வாத்தியம். பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும், விரல் வைத்து ராகம் வாசிக்கத் துளை இருக்காது. கீழ்ப்பக்கத்துத் துளைகள் சுருதி சேர்ப்பதற்கு. மெழுகை அடைத்தும் எடுத்தும் சரி பண்ணுவார்கள். ஊதுகிறவர் ஒரே சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். கச்சேரி முழுக்க மூச்சு அறக்கூடாது. கன்னத்தில் காற்றை நிறுத்தி, அதைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுப்பார்கள். தாத்தாவின் கன்னம் வயதான பிறகும் தொளதொளவென்று இருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதை அமுக்கி விளையாடுவோம்.

‘அவன் அவருக்கு ஒத்து ஊதுகிறான்’ என்று இன்றைக்கு ஆமாம் போடுகிறவனைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் தாத்தா முகம் சுருங்கிவிடும். ஏனென்றால் ஒத்துக்காரர் நாதஸ்வரத்தின் பின்னால் போவதே இல்லை. நாதஸ்வரம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஒத்து தன் இடத்தில் நிற்கும். வாசிப்பவர் சுருதி விலகினால் அது வெளியே தெரிவது ஒத்து நகராமல் நிற்பதால்தான். பெரிய வித்வானே ஆனாலும் அவர்தான் ஒத்தோடு வந்து சேர வேண்டும். வித்வானுக்காக ஒத்துக்காரர் தன் சுரத்தைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் அன்றைக்குக் கச்சேரி கெட்டது. இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது, ஒத்து ஊத ஆளும் இல்லை.

அதனால் கணக்கம்மா, ஒத்துழைப்பு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 411 என்று நின்றீர்களே, நீங்கள்தான் ஒத்து.

இளைய ஆசிரியை

சீவாளி ஐயா, ‘ஒத்து ஊதுவது’ என்று இத்தனை நாள் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி.

மோல்மீன்காரர்

இலக்கணப்படி பார்த்தால் ஒத்துழைப்பில் உள்ள ‘ஒத்து’ வினையெச்சம், வாத்தியத்தின் பெயர் இல்லை. அதையும் சொல்லி வைக்கிறேன்.

சீவாளி

சரிதான் ஐயா. வாத்தியத்தின் பெயரும் ‘ஒத்து நிற்பது’ என்ற அதே வேரில்தான் நிற்கிறது என்று நம்புகிறேன். சேர்ந்து ஒலிப்பது வேறு, ஒன்றையே ஒலிப்பது வேறு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பழைய ரங்கூன்காரர், வியாசர்பாடி

பிள்ளைகளே, நான் 1964-ல் பதினொரு வயதில் ரங்கூனிலிருந்து கப்பலேறி மதராஸ் வந்தவன். கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட நேரம். என் அப்பா படகுத்துறையில் அரிசி மூட்டை தூக்கியவர். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

மூட்டையை ஒரு ஆள் தானாக முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் இரு பக்கம் பிடித்துத் தூக்கி, மூன்றாவது ஆளின் முதுகில் வைக்க வேண்டும். தூக்குவதற்கு முன் ஒருவர் ‘ம்?’ என்பார், மற்றவர் ‘ம்’ என்பார், இரண்டு பேரும் ஒரே மூச்சில் எழுவார்கள். பலமில்லாத ஆளோடு தூக்கிவிடலாம் என்பார் அப்பா. பயந்து ஒதுங்க வேண்டியது, கைப்பிடி சரியாக விழாமலே ‘ம்’ சொல்கிறவனிடம். அவனுக்குக் கூச்சம், கூட நிற்பவரைக் காக்க வைக்கக்கூடாது என்று. மூட்டை பாதியில் சரியும், குனிந்து நிற்கிறானே மூன்றாமவன், அவன் இடுப்பில் விழும். அப்படி இடுப்பு போனவரை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வரிசை வீட்டுத் திண்ணையில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ‘இரு, இன்னும் பிடிக்கவில்லை’ என்று சொல்லத் தெரிந்தவனோடுதான் அப்பா ஜோடி சேருவார்.

இன்னொன்று. இலங்கையில், மலாயாவில் கங்காணி என்பார்களே, பர்மாவில் அந்த இடத்தில் மேஸ்திரி. ‘ஒத்து வேலை செய்யுங்கடா’ என்று மேஸ்திரிதான் கத்துவார். அவர் சொன்ன ஒத்து வேறு. கூலி குறைந்தால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வைத்து வேலையை நடத்தின. பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். வேலை நடக்கக் கம்பெனிகள் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்திக்கொண்டன, கடைசியில் இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். ஆகவே மேலே இருப்பவர் ‘ஒத்துழை’ என்றால் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் யோசிக்காமல் கை கொடுக்கலாம்.

நாற்றங்கால்

ஐயா, அந்த ‘ம்’ எனக்கு ராத்திரி முழுக்கக் காதில் கேட்கும்.

வாத்தியார், தட்டோன்

ரங்கூன் ஐயா சொன்ன கூச்சத்துக்குப் பர்மிய மொழியில் ‘ஆனாடே’ என்று பெயர். இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஐயாவோடு இந்தியாவில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வந்துவிடுமே என்று நாம் நம் தேவையை, மறுப்பை விழுங்கிக்கொள்வது. அழகான குணம்தான். விருந்தாளியாகப் போன வீட்டில் அதைவிட நல்ல குணம் கிடையாது. ஆனால் அதே ஆனாடேதான் கணக்கை யாரும் மறுபடி எண்ணிப் பார்க்காததற்கும் காரணம்.

உடன்பணியாளர் என்ற கருத்து மேல்நாட்டில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இதற்கு நேர்மாறான ஒன்று கிடைக்கிறது. லத்தீனில் ‘கொல்லேகா’ என்றால் உன்னோடு சேர்த்து அதே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவன். ரோமானியக் குடியரசில் ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், அதாவது தலைமை ஆட்சியாளர்கள். இருவருக்கும் சம அதிகாரம். ஒருவர் செய்யப் போவதை மற்றவர் ‘கூடாது’ என்று தடுக்கலாம். தடுக்கும் உரிமை இருந்ததால்தான் அவர் கொல்லேகா, இல்லாவிட்டால் உதவியாள். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் 1999-ல் ஓர் அறிக்கை விட்டது. சக ஆசிரியர்களோடு ஒத்துப்போகும் பண்பைத் தனிக் கட்டமாக வைத்து மதிப்பெண் போடாதீர்கள், மாறுபட்ட கருத்துச் சொல்கிறவரை அடக்க அது வழியாகிவிடும் என்பது அதன் சாரம். கணக்கம்மாவின் தாளில் நடந்தது அதுதான்.

பர்மியச் சொல் ஒன்றையும் பாருங்கள்: ‘லோப்போ கைங்பெட்’. சக ஊழியர் என்பதற்கு அன்றாடம் சொல்வது. வேலையில் துணை, பிடிப்பதில் இணை. மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்திருப்பவர்.

துறைமுகத் தெரு

எல்லோரும் கணக்கம்மா பக்கமே பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அக்கா, 411 என்று எண்ணியதும் முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அந்த மூத்த ஊழியரிடமா?

கணக்கம்மா, யாங்கூன்

இந்தக் கேள்விக்கு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. தாளின் கீழே குறிப்புக் கட்டத்தில் ‘எண்ணிக்கை 411’ என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். அவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். நான் சேர்ந்த புதிதில் மூட்டை அடுக்கை எப்படி எண்ண வேண்டும், உள்ளடுக்கில் பொந்து இருக்கிறதா என்று குச்சியை விட்டு எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டியவர் அவர்தான். அந்த முறையில் எண்ணித்தான் நடுவில் ஏழு மூட்டை இடம் காலியாக இருந்தது எனக்குத் தெரிந்தது. அவருக்கு அன்றைக்கு முட்டிவலி, அடுக்கின்மேல் ஏறவில்லை. நேரில் சொல்ல எனக்கு ஆனாடே. எழுதி வைக்க மட்டும் ஆனாடே இல்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது.

கணக்கு சரி. நான் செய்த விதம் சரியில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

துறைமுகத் தெரு

சொன்னதற்கு நன்றி அக்கா. எனக்கும் இது நடந்திருக்கிறது, நான் அந்த மூத்த ஊழியரின் இடத்தில் இருந்தேன். தவறு என்னுடையதுதான். ஆனால் அதை எனக்கு முன்னால் ஊர் தெரிந்துகொண்டது, அதுதான் இன்னும் ஆறவில்லை.

மோல்மீன்காரர்

குறளில் நட்புக்குச் சொல்லும்போது ‘மேற்சென்று இடித்தல்’ என்று வருகிறதே. இடிப்பதை, அதாவது தவறைக் கண்டித்துச் சொல்வதை மட்டும்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். மேற்சென்று என்றால் அவரிடமே முற்பட்டுப் போய். அந்தச் சொல் அங்கே சும்மா இல்லை. நான்கூட இன்றைக்குத்தான் கவனித்தேன்.

நாற்றங்கால்

வயலில் பக்கத்து ஆளிடம்தான் சொல்ல முடியும். வயல்காரர் தூரத்தில் சமைத்துக்கொண்டிருப்பார்.

பழைய ரங்கூன்காரர், வியாசர்பாடி

அம்மா, அந்த மூத்தவர் இன்னும் அதே இடத்தில் வேலை பார்க்கிறாரா?

கணக்கம்மா, யாங்கூன்

பார்க்கிறார் ஐயா. அடுத்த வருடம் ஓய்வு. இந்த இழையில் பேசியதை அவரிடம் போய்ச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. இந்த வருடம் இருப்பு எடுக்கும்போது அடுக்கின்மேல் நான் ஏறுகிறேன், நீங்கள் கீழே நின்று எழுதுங்கள் என்று மட்டும் நேற்றுக் கேட்டேன். சரி என்றார்.

படிவத்துக்கு வருகிறேன். ஒத்துழைப்பு என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன், சீவாளி ஐயாவின் தாத்தாவுக்காக. மதிப்பெண் கட்டம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வாத்தியார் ஐயா சொன்ன அறிக்கையைக் குழுவிடம் எடுத்துச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். தலைப்புக்குக் கீழே இரண்டே கேள்விகள்:

‘ஒத்துழைப்பு. இந்த ஆண்டு எந்த ஆசிரியருக்கு நீங்கள் கை கொடுத்தீர்கள், யார் உங்களுக்குக் கை கொடுத்தார்கள்? சக ஆசிரியர் செய்ததில் உங்களுக்கு உடன்பாடு இல்லாதபோது அவரிடம் நேரில் சொன்னீர்களா?’

பிழை இருந்தால் திருத்துங்கள். சனிக்கிழமை பன்னிரண்டு படி எடுக்க வேண்டும்.

இளைய ஆசிரியை

எங்கள் கோயிலுக்கும் ஒரு படி அனுப்ப முடியுமா அக்கா? நாங்கள் ஐந்து பேர்தான்.

துறைமுகத் தெரு

‘நேரில்’ என்பதற்கு முன்னால் ‘முதலில்’ என்று ஒரு சொல் சேருங்கள்.

கணக்கம்மா, யாங்கூன்

சேர்த்துவிட்டேன். ‘அவரிடம் முதலில் நேரில் சொன்னீர்களா?’ தங்கச்சி, ஞாயிறு காலை வகுப்புக்கு முன் வந்தால் ஐந்து படி கையில் தருகிறேன்.